நானூறு மீட்டர் தூரத்தில் ஏழுமலை மாமா

ஏழுமலை மாமா, ஊரில் உங்களை அடக்கம் பண்ணி மூன்று நாள் ஆன பிறகும் நீங்கள் எனக்கு நானூறு மீட்டர் தூரத்தில் இருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் தோ பாயோ என்கிற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றேன். சட்டைப் பையில் போன் உறுமியது. எடுத்துப் பார்த்தால் இங்கிலீஷில் ஒரு மெசேஜ். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘உங்களுக்குப் பக்கத்தில் செவன்ஹில். 400 மீட்டர்.’ செவன்ஹில் என்றால் நீங்கள்தான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிறவர்களும் படிப்பீர்கள், என்னைப் போல வெளியில் வந்து கிடக்கிறவர்களும் படிப்பீர்கள். என் பேர் சங்கர். எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழுமலை மாமா என் அக்காவைக் கட்டியவர். எங்களுக்கு அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருந்தால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். மாமா செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிங்கப்பூர் வந்தார். அடுத்த வருஷம், இரண்டாயிரத்து நான்கில், என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் புல் வெட்டுகிற வேலை. ஊரில் புல் முளைத்தால் மாடு வந்து மேய்ந்துவிட்டுப் போகும், அதோடு சரி. இங்கே அதற்கு லாரி, தோளில் மாட்டுகிற மெஷின், முகத்துக்குக் கண்ணாடி மூடி, எங்களைப் போல பதினைந்து பேர். புல் கூட இந்த நாட்டில் தன் இஷ்டத்துக்கு வளர முடியாது.

சூப்பர்வைசருக்கு மாமா பேர் வாயில் வரவில்லை. ‘எலு, எலு’ என்று ஆரம்பிப்பார், அப்புறம் கையைத் தட்டிக் கூப்பிடுவார். ஒரு நாள் மாமா சிரித்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்று, “சார், ஏழு செவன். மலை ஹில். யூ கால் செவன்ஹில்” என்றார். அன்றிலிருந்து அந்தப் பேரே நிலைத்துவிட்டது. தன் பேரைத் தானே இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்த ஆளை நான் அவரைத் தவிர வேறு பார்த்ததில்லை. நாங்கள் தங்குகிற டார்மிட்டரியில் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

மாமா வாங்கின போன் கார்டோடு ஒரு சின்னக் காகிதம் வந்தது. அதில் ஒரு விளையாட்டைப் பற்றிப் போட்டிருந்தது. போனில் விளையாட்டு என்றால் பாம்பு இரை தின்று நீளுமே, அதுதான் எனக்குத் தெரியும். இது வேறு. இதை உட்கார்ந்து விளையாட முடியாது, நடக்க வேண்டும். டவரை வைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியுமாம். ஒரு இடத்தில் நின்று மெசேஜ் அனுப்பினால், அந்த இடத்தில் உங்கள் பேரில் ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத பெட்டி. அதற்குள் இரண்டு வரி எழுதி வைக்கலாம். வேறு ஒரு ஆள் தேடிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நின்று கேட்டால்தான் அது திறக்கும். திறந்ததும் பெட்டி மறைந்துவிடும். தேடுகிறவனுக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்வார்கள். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள்.

மாமாவுக்கு இது பைத்தியமாகவே ஆகிவிட்டது. லாரி தினமும் ஒரு ஏரியாவில் எங்களை இறக்கிவிடும். மதியம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தால், மாமா மட்டும் போனைக் கையில் ஏந்திக்கொண்டு போவார். கிணறு வெட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பார்களே, அந்த மாதிரி அடி மேல் அடி வைத்து நடப்பார்.

“இன்னா மாமா, கெடைச்சுதா பொட்டி?”

“கெடைச்சுதுடா. உள்ள ‘ஹலோ’னு எழுதிக்கீது.”

“அதுக்கா இம்மாந் தூரம் வெயில்ல நடந்தீங்க?”

“ஒருத்தன் நமக்கு ஹலோ சொல்லிக்கீறான்டா மச்சான். இந்த ஊர்ல வேற யாரு சொல்றா?”

நான் சிரித்தேன். மற்றவர்களிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் என்னைக் கூப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு நான் கட்டிலில் ஏறிப் படுத்திருந்தேன். கீழே நின்று என் காலைப் பிடித்து ஆட்டினார்.

“மச்சான், எழுந்துரு. இன்னைக்கு உனுக்கு ஒரு பொட்டி வெக்கப் போறேன். நீயே தேடி எடுக்கணும்.”

“போங்க மாமா. ஆறு நாளு ரோடு ரோடா சுத்தறோம். ஏழாவது நாளும் சுத்தணுமா?”

“பாரேன், திருணாமலைல பொறந்துட்டு நடக்கறதுக்கு அழுவுறான்.”

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிப் போனது கேட்டது. சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து என் தோளில் கை வைத்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். முப்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார்கள். அதில் சட்டை, பேன்ட், போன், அண்ணாமலையார் விபூதிப் பொட்டலம், ஒரு செருப்பு. ஒன்றுதான். வலது கால் செருப்பு. இன்னொன்று எங்கே என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

கம்பெனி மூலமாக உடம்பு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எடுத்து முடித்த மறுநாள் அக்கா போன் பண்ணினாள். அழவில்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

“சங்கரு, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அவரு உசுரு போறப்ப வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த ஆள் இருந்துச்சாடா?”

“தெரிலக்கா.”

“எங்க வுழுந்தாரு?”

“ரோட்டு ஓரம்னாங்க.”

“எந்த ரோடு? மரம் மட்டை ஒன்னும் இல்லியா அங்க? கூடவே இருந்தியே தம்பி, எந்த எடம்னு கூடவா தெரியாது?”

அவள் திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிடத்தில் செத்தவர்களுக்கு, அவர்கள் விழுந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து பதினாறாம் நாள் காரியத்தில் வைத்துக் கும்பிடுவோம். அந்த மண் வரவில்லை என்றால், செத்தவர் வழி தெரியாமல் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார் என்று சொல்வார்கள். “ஒடம்பு வந்துடுச்சுடா. அவரு இன்னும் வரல” என்றாள் அக்கா. அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

எங்களோடு வேலை செய்கிற போளூர் பச்சையப்பன் அடுத்த வியாழக்கிழமை லீவில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார். அவரிடம் கொடுத்தால்தான் காரியத்துக்குள் மண் போய்ச் சேரும். அதற்கு நடுவில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூப்பர்வைசரைக் கேட்டேன். “தோ பாயோ. ரோட் சைட்” என்றார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. தோ பாயோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அடுக்குமாடி வீடுகள் புளோக் புளோக்காக நிற்கும், ஒரு புளோக்கைப் போலத்தான் அடுத்த புளோக்கும் இருக்கும். அதே மாடி, அதே துணி உலர்த்தும் கழி, அதே நடைபாதை. எந்த ஓரம் என்று தேடுவது? மாமா போனைத் திறந்து பார்த்தால் ஏதாவது தெரியும் என்று நினைத்தேன். அது நம்பர் கேட்டது. அக்கா பிறந்த வருஷம் போட்டேன். அவர்கள் மகள் பிறந்த வருஷம் போட்டேன். ஆட்டோ நம்பரைப் போட்டேன். மூன்றாவது தடவை போன் பூட்டிக்கொண்டுவிட்டது. மாமா மறுபடியும் ஒரு கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. ‘உனுக்கு ஒரு பொட்டி வெக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டுத்தானே போனார். வைத்திருந்தால் அது இன்னும் அங்கேதானே இருக்கும்? வைத்த இடம் தெரிந்தால் விழுந்த இடமும் பக்கத்தில்தான். காகிதத்தைத் தேடி எடுத்து என் போனில் இருந்து அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் வந்தது. ‘NAME அனுப்பவும்’ என்று இருந்தது. நான் NAME என்று அனுப்பினேன். ‘வருக NAME’ என்று பதில் வந்தது. பேரைக் கேட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. இப்படித்தான் நான் பேரில்லாதவனாக அந்த விளையாட்டுக்குள் போனேன்.

தோ பாயோவில் இறங்கியதும் ‘தேடு’ என்பதற்கான எழுத்தை அனுப்பினேன். அப்போது வந்ததுதான் முதலில் சொன்ன நானூறு மீட்டர். நான் நடக்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாதே. நடுவில் உயரமான நாலைந்து புளோக்குகள் கூட்டமாக நின்றன. அவற்றை வலது கைப் பக்கம் வைத்து, சுற்றிப் போகிற நடைபாதையில் இடது ஓரமாக நடந்தேன். அப்படி நடக்க வேண்டும் என்று யோசித்து நடக்கவில்லை. கால் அப்படித்தான் போனது. பிறந்ததில் இருந்து மலையை வலது கைப் பக்கம் வைத்தே நடந்த கால். எங்கள் ஊரில் கிரிவலப் பாதையில் மலை ஓரமாக, அதாவது வலது பக்கம், சித்தர்கள் நடப்பார்கள் என்று சொல்லி அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இடது ஓரமாகத்தான் நடப்போம். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு வழி விடுவது. அன்றைக்குத் தோ பாயோவிலும் என் வலது பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் காலியாகவே வந்தது. ஒரு தடவை நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தில் புகுந்து போனார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

கொஞ்ச தூரம் நடந்து மறுபடியும் மெசேஜ் அனுப்பினேன். நானூறு மீட்டர். கால் மணி நேரம் நடந்து அனுப்பினேன். முந்நூற்று ஐம்பது. சந்தோஷமாக வேகமாக நடந்தேன். மறுபடியும் நானூறு. ஒரு சுற்று முடிந்து, இறங்கின பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டேன். நானூறு. இரண்டாவது சுற்று போனேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. நானூறு. மாமா என்னோடு கூடவே நடக்கிறார், நான் நின்றால் நிற்கிறார், கிட்டே போனால் அதே அளவுக்கு விலகிப் போகிறார் என்று தோன்றியது. அன்றைக்குப் போர்வையை இழுத்து மூடினதற்குக் கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்து, ஆள் நடமாட்டம் இருக்கிற நடைபாதையிலேயே வாய் விட்டு, “மாமா, நில்லுங்க மாமா” என்றேன்.

மூன்றாவது சுற்றில் ஒரு புளோக்குக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனப் பெண் எழுந்து வந்தாள். காலேஜ் படிக்கிற வயசு இருக்கும். கையில் போன்.

“யூ நேம் ஆ?” என்று கேட்டாள்.

“மை நேம் சங்கர்.”

“நோ லா. யூ ஆர் நேம்?”

“யெஸ். மை நேம் சங்கர்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு தன் போனைக் காட்டினாள். பக்கத்தில் இருக்கிற ஆட்டக்காரர்கள் பட்டியல். அதில் NAME என்று இருந்தது. காலையிலிருந்து NAME என்கிற ஒரு ஆள் இந்த இடத்தையே வட்டம் போடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் அதே பெட்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஹூ இஸ் செவன்ஹில்? யுவர் ஃப்ரெண்ட்?”

“மை மாமா.”

“வாஹ்! யுவர் மாமா பிளே திஸ் கேம்? மை மாமா மெசேஜ் ஆல்ஸோ டோன்ட் நோ ஹவ் டு சென்ட்!” என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். சீனர்களுக்கு மாமா என்றால் அம்மா என்பது எனக்கு அப்போது தெரியாது.

“மாமா டை” என்றேன்.

“டை ஆ? நெவர் மைண்ட். டாப்-அப், கேன் கம் பேக். ஐ ஆல்ரெடி டை த்ரீ டைம்ஸ்.”

இந்த விளையாட்டில் செத்துப் போகிறது என்று ஒன்று உண்டாம். வேறு ஆட்டக்காரனிடம் தோற்றால் செத்ததாகக் கணக்கு. கார்டில் பணம் போட்டால் திரும்ப உயிர் வந்துவிடுமாம். அவள் அதைத்தான் சொன்னாள். எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. ‘கேன் கம் பேக்’ மட்டும் புரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நொடி நான் நம்பினேன். இவ்வளவு பெரிய ஊர், ஆகாயத்தில் ரயில் ஓட்டுகிறார்கள், கடலை மண் போட்டு மூடி வீடு கட்டுகிறார்கள், இங்கே அப்படியும் ஒரு வழி இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அந்த நொடியில் மாமா மாடிப்படியில் ஏறி வந்து என் காலைப் பிடித்து ஆட்டினார்.

“நோ கேம்” என்றேன். “ஹாஸ்பிடல். ஹார்ட்.” நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தன் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். “யூ ஓபன். ஐ டோன்ட் ஓபன்” என்றாள். பிறகு கையால் வட்டம் போட்டுக் காட்டி, ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி நடக்கிறாய் என்று கேட்டாள்.

“மை பிளேஸ், மௌன்டன். ஆல் பீப்பிள் வாக் ரவுண்ட்.”

“ரவுண்ட், ரவுண்ட், தென் வென் யூ ரீச்?”

அப்புறம் எப்போது போய்ச் சேருவீர்கள் என்று கேட்கிறாள். எங்கள் ஊரில் இப்படி யாரும் கேட்டதில்லை. கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதுதான் எங்களுக்குப் போய்ச் சேருவது. அவள் கேட்டதும் எனக்கு, மாமா ஊரில் இருந்தபோது ஒரு நாள் சோறு தின்றுகொண்டே சொன்ன கதை ஞாபகம் வந்தது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் அவர் ஆட்டோவில் ஏறினாராம். கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கருவி. மலைமேல் அவருடைய சிநேகிதன் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான், அது எவ்வளவு தூரம் என்று இந்தக் கருவி சொல்லும் என்றாராம். மாமா கிரிவலப் பாதையில் முழுச் சுற்றும் ஓட்டியிருக்கிறார். அந்த ஆள் நிமிஷத்துக்கு ஒரு தடவை கருவியைப் பார்த்துவிட்டு, அதே தூரம், அதே தூரம் என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். “மலைய சுத்தனா தூரம் எப்பிட்றா கம்மியாவும்? எறங்கி உள்ள போய்யானு சொல்லிட்டேன்” என்று மாமா புரையேறச் சிரித்தார். அக்கா அவர் தலையைத் தட்டினாள். நான் அந்தக் கதையைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி.

நான் திரும்பி அந்தப் புளோக்குக் கூட்டத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து என் வலது பக்கமே இருந்தது அது. அதன் நடுவில் புகுந்து போக எனக்குக் கால் வரவில்லை. யார் வீட்டு வாசலிலோ கேட்காமல் நுழைகிற மாதிரி, அதை விட, மலைக்குக் குறுக்கே செருப்போடு போகிற மாதிரி இருந்தது. போனேன். முந்நூறு. இரண்டு புளோக்குக்கு நடுவில் நடந்தேன். இருநூறு. குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற இடம் வந்தது. நூறு. அதைத் தாண்டி ஒரு மரம், மரத்தடியில் ஒரு பெஞ்ச், எதிரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. போன் உறுமியது. ‘நீங்கள் செவன்ஹில் பெட்டி மேல் நிற்கிறீர்கள். திறக்கவா?’

திறந்தால் பெட்டி போய்விடும். அதோடு பட்டியலில் இருந்து அவர் பேரும் போய்விடும். ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். ஒரு வாரமாக யாரும் திறக்காமல், மழையிலும் வெயிலிலும் அது எனக்காகவே அங்கே நின்றிருக்கிறது. கடைசியில் அனுப்பினேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது.

‘சங்கரு வந்துட்டியா. எதிர்ல கடைல வடை சூடா இருக்கு. டீ நம்ம ஊரு மாரியே. உக்காந்து சாப்டு.’

அவர் சொன்னதைச் செய்தேன். கடையில் ஒரு மலாய் அம்மா. வடையும் டீயும் கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். வடையைக் கடித்தேன். அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா ஓடி வந்து ஏதேதோ கேட்டார். நான் பர்ஸிலிருந்து நானும் மாமாவும் எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டினேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டு கடைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இடது கால் செருப்பு.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. ‘ஆயேர், ஆயேர்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மாமா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, யார், யார் என்று கேட்டேன். அவர் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அதைக் காட்டி ‘ஆயேர்’ என்றார். பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு தலை இருக்கிற மாதிரி இடது கையை வளைத்தார். வலது கையால் கிளாஸை அந்தத் தலைக்கு நேராகக் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்தார். “ஹீ டிரிங்க். லிட்டில். ஹீ டிரிங்க்” என்றார். மூன்று விரலைக் காட்டினார். மூன்று வாய்.

மரத்தடியில் புல்லை அன்றைக்கு முந்தின வாரம்தான் வெட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வெட்டினதாகக்கூட இருக்கலாம். விரலால் கீறி ஒரு பிடி மண் எடுத்து, நான் கையோடு கொண்டு வந்திருந்த மாமாவின் விபூதிப் பொட்டலத்தில் மிச்சம் இருந்த விபூதியோடேயே மடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போகும்போது அந்தச் சீனப் பெண் தூரத்தில் கல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

“அக்கா, தண்ணி குடிச்சாரு. மூணு வாய். ஒரு அம்மா மடில வெச்சிக் குடுத்துது.”

அக்கா போனைத் தரையில் வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்” என்றாள். அதற்குப் பிறகுதான், மாமா செத்து ஒரு வாரம் கழித்து, அவள் வாய் விட்டு அழுததை நான் கேட்டேன்.

பச்சையப்பன் மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பதினாறாம் நாள் காரியத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். அவர் வந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். நான் நம்புகிறேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தோ பாயோவுக்குப் போய் இறங்கி ‘தேடு’ என்று அனுப்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் அந்த விளையாட்டையே மூடிவிட்டார்கள். நம்பருக்கு அனுப்பினால் மெசேஜ் போகாமல் திரும்பி வருகிறது.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போய்ப் பௌர்ணமிக்குக் கிரிவலம் நடந்தேன். இடது ஓரமாகவே நடந்தேன். வலது பக்கம் இடம் விட்டேன். அடி அண்ணாமலை வந்ததும் என்னை அறியாமல் கை சட்டைப் பைக்குப் போய்ப் போனைத் தொட்டது. அந்த மலாய் அம்மா கடை இந்நேரம் திறந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி இங்கே வந்து தோ பாயோவில் அந்தப் புளோக்குகளைச் சுற்றும்போது மலை ஞாபகம். அங்கே நடந்தால் இது நானூறு மீட்டரில் இருக்கிறது, இங்கே நடந்தால் அது நானூறு மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் என் கால் இப்போது பழகியிருக்கிறது. இரண்டு செருப்பும் என் கட்டிலுக்குக் கீழே ஜோடியாக இருக்கின்றன. ஊருக்கு அனுப்பவும் மனசு வரவில்லை, போடவும் மனசு வரவில்லை.

உங்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கிரிவலம் போனால் அடி அண்ணாமலை தாண்டும்போது வலது பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விடுங்கள். எங்கள் மாமாவுக்காக அண்ணாமலையாரிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தே வேண்டிக்கொள்ளுங்கள். அவர் பேரைச் சொல்லும்போது மட்டும் செவன்ஹில் என்று சொல்லாதீர்கள். ஏழுமலை என்று, அந்த ழவை நாக்கு மடக்கிச் சரியாகச் சொல்லுங்கள். இங்கே கடைசி வரைக்கும் யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை.